மயிலம் வந்துவிட்டது, இன்னும் பேசவில்லை

விழுப்புரம் சந்திப்பிலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் 40 கிலோமீட்டருக்கும் குறைவுதான். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நடுவில் நான்கு நிலையங்கள். பாசஞ்சரில் நாள்தோறும் போகிறவர்களுக்கு முகங்கள் மனப்பாடம். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கு இறங்குகிறவர்கள், மயிலத்தில் இறங்கும் இன்ஜினியரிங் மாணவர்கள், திண்டிவனம் கோர்ட்டுக்கும் துணிக்கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். யார் எந்தப் பெட்டியில் ஏறுவார், யார் உட்கார்ந்த உடனே தூங்குவார் என்பதுகூடத் தெரியும். பெயர் மட்டும் தெரியாது.

அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் இவர்களுக்குப் ‘பழகிய அந்நியர்’ என்று பெயர் வைத்தார். 1970-களின் தொடக்கத்தில் அவருடைய மாணவர்கள் நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருந்தவர்களைப் படம்பிடித்தார்கள். பிறகு அந்தப் படத்தை அவர்களிடமே கொடுத்து, யாரையெல்லாம் தெரியும் என்று கேட்டார்கள். சராசரியாக ஒவ்வொருவருக்கும் 4 பேரை நன்றாக அடையாளம் தெரிந்தது. அந்த 4 பேரிடமும் அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் கழிந்த காலம் கூடக்கூட, பேசத் தொடங்குவது இன்னும் கடினமாகிறது என்பதையும் மில்கிராம் குறித்துவைத்தார்.

அந்த முகங்களில் ஒன்று மனதை இழுக்கும் முகமாக இருந்துவிட்டால் கடினம் பல மடங்காகிறது. டீக்கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவர், டிக்கெட் பரிசோதகரிடம் வாதாடுகிறவர், இங்கே மட்டும் ஊமையாகிவிடுகிறார். ஆணுக்கும் இது நடக்கிறது, பெண்ணுக்கும் நடக்கிறது. ‘எனக்குத் தைரியம் பத்தாது’ என்று தன் குணத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறோம். குணத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

டிக்கர்சன், கெமனி என்ற இரு ஆய்வாளர்கள் 2004-ல் 208 ஆய்வகச் சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் எப்போது அதிகம் ஏறுகிறது என்பது கேள்வி. கடினமான கணக்கோ பெரும் சத்தமோ மட்டும் அவ்வளவாக ஏற்றுவதில்லை. இன்னொருவர் நம்மை மதிப்பிடுகிறார், அதன் முடிவு நம் கையில் இல்லை என்ற இரண்டும் சேரும்போதுதான் உச்சம். பிடித்தவரிடம் முதல் வார்த்தை பேசப்போகும் நிமிடத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. கார்ட்டிசால் ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அதற்கு முன்பே மூளையின் அமிக்டலா எழுப்பும் எச்சரிக்கையில் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உமிழ்நீர் குறைந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது. ஓடுவதற்கும் சண்டை போடுவதற்கும் ஏற்பட்ட ஏற்பாடு இது. ‘மணி என்னங்க?’ என்று கேட்பதற்கு இதனால் எந்த உதவியும் இல்லை.

மூளையும் காலை வாருகிறது. நெதர்லாந்தின் நெய்மேகன் பல்கலைக்கழகத்தில் 2009-ல் வெளிவந்த ஆய்வில், அறிமுகமில்லாத பெண்ணோடு சற்று நேரம் பேசிவிட்டு வந்த ஆண்கள், கவனமும் நினைவும் தேவைப்படும் சோதனைகளில் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். அந்தப் பெண்ணை எவ்வளவு அழகாக நினைத்தார்களோ அவ்வளவு சறுக்கல். நாம் எப்படித் தெரிகிறோம் என்று கண்காணிப்பதிலேயே மூளையின் வேலை செய்யும் இடம் நிரம்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-ல் சமூக அச்சத்துக்குச் சொன்ன விளக்கமும் இதையே மையமாகக் கொண்டது. அச்சப்படுகிறவர் எதிரில் இருப்பவரைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். குரல் நடுங்குகிறதா, முகம் சிவந்ததா என்று தன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செல்போனை எடுத்து நோண்டுவது, வசனத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வருவது எல்லாம் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும். ஆனால் பயத்தைக் குறைய விடாது. மனப்பாட வசனத்தை ஒப்பிக்கிறவருக்கு, எதிரில் இருப்பவர் சொன்ன பதில் காதில் விழுவதே இல்லை.

இதெல்லாம் உலகப் பொது. நம் ஊர்ப் பக்கத்துக்கென்று சில காரணங்கள் தனியாக இருக்கின்றன, அவற்றை விட்டுவிட்டுத் தன்னம்பிக்கை பற்றி மட்டும் பேசுவது நேர்மையாக இருக்காது. ஆறாம் வகுப்பிலிருந்து பையன்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று பெஞ்சைப் பிரித்துவிடுகிறோம். பஸ்ஸிலும் அப்படியே. சில தனியார் கல்லூரிகளில் ஆணும் பெண்ணும் நின்று பேசினால் வீட்டுக்குத் தகவல் போகிறது. இருபது வயது வரை எதிர்பாலினத்தவரோடு பாடம், மழை, பஸ் தாமதம் பற்றிச் சாதாரணமாகப் பேசிப் பழகாத ஒருவருக்கு, முதல் பேச்சே காதல் பேச்சாக இருக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது. நீச்சல் தெரியாதவரை நேராகத் தென்பெண்ணை வெள்ளத்தில் இறக்கிவிடுவது போன்றது இது.

அடுத்தது, பயத்துக்கு உண்மையான அடிப்படை இருப்பது. விழுப்புரத்துக்குத் தெற்கே கார்டு லைனில் இருக்கிற விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், சாதி மாறி மணந்த இளம் தம்பதி 2003-ல் கொல்லப்பட்டார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021-ல், கடலூர் நீதிமன்றம் 13 பேருக்குத் தண்டனை விதித்தது. அந்த 13 பேரில் காவல் துறையினரும் உண்டு. இந்த வட்டாரத்தில் ஒரு தலித் இளைஞர் பேசத் தயங்கினால், அதை மனக்கோளாறு என்று சொல்ல எந்த உளவியலாளருக்கும் உரிமை இல்லை. ஒரு பெண் பதில் பேசத் தயங்கினால், பேச்சு வீட்டை எட்டினால் படிப்பு நின்றுவிடும் என்ற கணக்கு அதில் இருக்கலாம். கற்பனையான பயத்தைக் கரைக்கத்தான் அறிவியலிடம் வழி இருக்கிறது. உண்மையான ஆபத்தைக் கரைக்க வேண்டியது சட்டமும் ஊரும்.

கற்பனையான பயம் என்று எதைச் சொல்கிறேன்? ‘பேசினால் அவமானப்படுத்திவிடுவார்கள், எல்லாரும் பார்த்துச் சிரிப்பார்கள், நாலு வார்த்தையில் என் லட்சணம் தெரிந்துவிடும்’ என்பவைதான். இவை மூளை முன்கூட்டியே சொல்லும் ஆரூடங்கள். ஆரூடம் என்றால் சரிபார்க்கலாம். சரிபார்த்திருக்கிறார்கள்.

சிகாகோவில் நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு குழு பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச வேண்டும், இன்னொரு குழு வாய் திறக்காமல் வர வேண்டும், மூன்றாவது குழு வழக்கம்போல். முன்கூட்டிக் கேட்டபோது, பேச வேண்டியிருக்கும் பயணம்தான் மோசமாக இருக்கும் என்று ஆட்கள் சொன்னார்கள். உண்மையில் பேசியவர்களின் பயணமே இனிதாக இருந்தது. பிறர் பேச விரும்பமாட்டார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் எல்லாரும் மௌனமாக வந்துகொண்டிருந்தார்கள். இது காதலுக்கான ஆய்வு அல்ல, அந்நியரோடு பொதுவாகப் பேசுவது பற்றியது. சிகாகோவின் புறநகர் ரயிலை நம் பாசஞ்சரோடு அப்படியே பொருத்தவும் முடியாது. இருந்தாலும் முதல் தடை எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

பேசி முடித்த பிறகும் மூளை தவறாகவே கணக்குப் போடுகிறது. எரிக்கா பூத்பியும் கூட்டாளிகளும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத இருவரைச் சற்று நேரம் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டார்கள்: உங்களுக்கு அவரைப் பிடித்ததா, அவருக்கு உங்களைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? தங்களை எதிராளிக்கு எவ்வளவு பிடித்தது என்பதை இரண்டு பேருமே குறைத்து மதிப்பிட்டார்கள். ஒரே அறையில் தங்கிய மாணவர்களிடம் இந்தத் தவறு பல மாதங்கள் நீடித்தது. பேசிவிட்டு வந்து ‘சொதப்பிட்டேன்’ என்று இரவெல்லாம் புரள்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். எதிரில் இருந்தவரும் அன்றிரவு அதையே நினைத்துக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. எல்லாரும் நம்மையே பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தையும் அளந்திருக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் சங்கடமான படம் போட்ட டி-ஷர்ட்டோடு அறைக்குள் அனுப்பப்பட்ட மாணவர்கள், ஏறக்குறையப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்றார்கள். கவனித்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

சரி, ஆரூடம் தவறு என்று படித்துவிட்டால் பயம் போய்விடுமா? போகாது. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தவருக்கும் நாளைக் காலை நாக்கு ஒட்டத்தான் செய்யும். பயத்தைக் கற்றுக்கொண்ட மூளைப் பகுதி வாசிப்பால் திருந்துவதில்லை. அனுபவத்தால் திருந்துகிறது. மிஷெல் கிராஸ்க் முதலான ஆய்வாளர்கள் கடந்த இருபது ஆண்டுகளில் இதைத் தெளிவாக்கியிருக்கிறார்கள். பழைய பயம் அழிவதில்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு பாடம் எழுதப்படுகிறது, இரண்டும் போட்டி போடுகின்றன. புதிய பாடம் வலுவாகப் பதிய, மனம் எதிர்பார்த்ததும் நடந்ததும் கண்முன்னே மோத வேண்டும். ஆகவே ‘பதற்றம் தணிந்த பிறகு பேசுகிறேன்’ என்று காத்திருப்பதில் பயன் இல்லை. பதற்றத்தோடே பேசி, நினைத்த கேடு நடக்கவில்லை என்பதை உடம்பு பார்க்க வேண்டும். தைரியம் பேச்சுக்குப் பின்னால் வருகிறது.

கில்லியன் சாண்ட்ஸ்ட்ராம் 2022-ல் இதை ஒரு வார விளையாட்டாக்கினார். தொப்பி போட்டவர், கையில் பானம் வைத்திருப்பவர் என்பது போலக் குறிப்புகள் கொடுத்து, தினமும் அப்படிப்பட்ட அந்நியரிடம் பேசச் சொன்னார். இன்னொரு குழு அதே மாதிரி ஆட்களைப் பார்த்தால் போதும், பேச வேண்டாம். வார முடிவில் பேசியவர்களுக்கு நிராகரிப்பு பற்றிய பயம் குறைந்து, தங்கள் பேச்சுத் திறன் மீது நம்பிக்கை கூடியிருந்தது. விளையாட்டு முடிந்து ஒரு வாரம் கழித்தும் அது குறையவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. ஒரே நபரிடம் ஒருமுறை பெரிதாகத் துணிவதைவிட, பலரிடம் பல நாள் சிறிதாகப் பேசுவதுதான் வேலை செய்கிறது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் அம்மா, திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடைக்காரர், பக்கத்து இருக்கையில் முறுக்குப் பொட்டலத்தோடு வரும் பெரியவர், வகுப்பில் இதுவரை பேசாத தோழர் தோழியர். இடமும் மாற வேண்டும். டீக்கடையில் மட்டும் பழகிய தைரியம் டீக்கடையோடு நின்றுவிடும், ஏனென்றால் புதிய பாடம் தான் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

இந்தத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஆல்பர்ட் எல்லிஸுடையது. பகுத்தறிவு உணர்ச்சிச் சிகிச்சையை 1955-ல் உருவாக்கியவர். பெண்களிடம் பேசவே நடுங்கிய அவர், 19 வயதில், 1933-ல், நியூயார்க்கின் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவில் ஒரு மாதத்தில் 130 பெண்களிடம் பேச முயன்றதாகப் பின்னாளில் சொன்னார். 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேர் பேசினார்கள். ஒரே ஒருவர் மீண்டும் சந்திக்க ஒப்புக்கொண்டு, வரவில்லை. எல்லிஸின் பயம் மட்டும் போயே போய்விட்டது. மருத்துவமாக இது சரியான தர்க்கம். ஆனால் இந்தக் கதையில் அந்த 130 பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் கேட்டு எழுதவில்லை. தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து படிக்க வந்தவரை என் பயிற்சிக்குப் பொருளாக்க எனக்கு என்ன உரிமை? அதனால்தான் பயிற்சியைப் பூக்கார அம்மாவிடமும் பெரியவரிடமும் தொடங்க வேண்டும் என்கிறேன்.

என்ன பேசுவது என்பதற்கு நம்மிடமே பழைய வழிகாட்டி இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி பாதையில் போனால் திருக்கோவிலூர். தென்பெண்ணைக்குள் இருக்கும் கபிலர் குன்று இங்கேதான். கபிலர் 261 அடிகளில் எழுதிய குறிஞ்சிப்பாட்டில், தினைப்புனம் காத்து, அருவியில் ஆடி, பூக்குவித்து அமர்ந்திருக்கிறார்கள் தலைவியும் தோழியும். அங்கே வருகிற தலைவன் எடுத்த எடுப்பில் அழகைப் புகழவில்லை. தன்னிடமிருந்து தப்பிய விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்கிறான். அவர்கள் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லாவிட்டாலும் என்னோடு ஒரு வார்த்தை பேசுவதும் குற்றமா என்று மெதுவாகக் கேட்டு நிற்கிறான். தொல்காப்பியத்தின் களவியல் இதை இலக்கணமாகவே சொல்கிறது: ஊரைக் கேட்கலாம், பேரைக் கேட்கலாம், காணாமல் போனதைக் கேட்கலாம். அதுவும் தலைவியைத் தனியே மடக்கி அல்ல, தோழி கூட இருக்கும்போது.

கிறிஸ் கிளைன்கியும் உடன் ஆய்வாளர்களும் 1986-ல் முதல் வாக்கியங்களை மூன்று வகையாகப் பிரித்து ஆண்களிடமும் பெண்களிடமும் கருத்துக் கேட்டார்கள். சாமர்த்தியம் காட்டும் கிண்டல் வசனம், நேரடியாக விருப்பம் சொல்வது, சூழலைப் பற்றிய சாதாரணக் கேள்வி. பெண்களுக்குக் கிண்டல் வசனம் அறவே பிடிக்கவில்லை. சாதாரணக் கேள்விக்கு நல்ல மதிப்பெண். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ‘விக்கிரவாண்டியில கிராசிங் போட்டுட்டாங்க போல, எந்த வண்டி தாண்டுதுங்க?’ என்ற கேள்விக்கு ‘தெரியலங்க’ என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள வழி இருக்கிறது. ‘நீங்க ரொம்ப அழகா இருக்கீங்க’ என்பதற்கு அப்படி ஒரு வழி இல்லை. கேட்கப்பட்டவருக்குத் தப்பிக்க இடம் விடுவதே நல்ல முதல் வாக்கியம்.

இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. தைரியம் கற்றுத்தரும் பேச்சுகளில் பெரும்பாலும் காணாமல் போவது எதிரில் இருப்பவர். அன்டோனியா ஆபி 1982-ல் ஓர் ஆணையும் பெண்ணையும் பேசவிட்டு, இன்னோர் ஆணும் பெண்ணும் மறைந்திருந்து கவனிக்கச் செய்தார். பேசிய பெண்ணின் சாதாரண நட்பை ஆண்கள் பாலியல் ஈர்ப்பாக வாசித்தார்கள், பெண்கள் அப்படி வாசிக்கவில்லை. சிரித்தால் சம்மதம் என்று நம் சினிமா பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதே பிழையை. வனெஸ்ஸா போன்ஸும் லாரன் டிவின்சென்ட்டும் 2019-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். விருப்பத்தைச் சொன்னவர்கள், ‘இல்லை’ என்று சொல்வது எதிராளிக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். மறுத்தவர்களோ வழக்கங்களை மாற்றிக்கொண்டு, அவரைத் தவிர்க்கப் படாத பாடு பட்டார்கள்.

நுங்கம்பாக்கத்தில் 2016-லும் பரங்கிமலையில் 2022-லும் இளம்பெண்கள் கொல்லப்பட்டது ரயில் நிலையத்தில், பலர் கண்முன். நடைமேடையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் பேச வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த நினைவும் அங்கே நிற்கிறது. தொல்காப்பியம் ஊரைக் கேட்கலாம் என்றாலும், இன்று அவர் இறங்கும் ஊரையோ செல் நம்பரையோ முதல் நாளே கேட்காதீர்கள். அவர் எழுந்துபோக முடியாதபடி வழியில் நிற்காதீர்கள். ஒற்றை வார்த்தைப் பதில், காதில் ஏறும் ஹெட்போன், ‘இல்லண்ணா’ என்று அழுத்திச் சொல்லும் அண்ணா எல்லாமே முழுமையான பதில்கள். ‘சரிங்க’ என்று சொல்லி விட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் குறைவதில்லை. விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் குற்றம், முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. என் பார்வையில் தன்னம்பிக்கையின் சரியான அளவுகோல் இதுதான்: மறுப்பைக் கேட்டுவிட்டு, அதே முகத்தோடு, அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறதா? இந்தத் திறனும் சின்னச் சின்னப் பேச்சுகளில்தான் வளர்கிறது. பையன்களும் பெண்களும் பேசிக்கொள்ளவே கூடாது என்று தடுக்கிற கல்லூரி, பெண்களைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, ‘இல்லை’ என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்டுப் பழகாத ஆண்களை வெளியே அனுப்புகிறது.

உடம்பைச் சமாளிக்க இரண்டு சிறிய உத்திகளுக்குச் சான்று உண்டு. மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். ‘அமைதியாக இரு’ என்று தன்னை அடக்குவதைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் மேடைப் பேச்சிலும் பாட்டிலும் நன்றாகச் செய்ததாக ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் காட்டினார். வகுப்பில் கேள்வி கேட்கவோ கடையில் பொருள் மாற்றவோகூட முடியாத அளவுக்கு அச்சம் இருந்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் போகலாம்.

பேசத் தோதான இடம் எது என்று கேட்டால், ரயிலைவிடவும் நடைமேடையைவிடவும் நல்லது, இரண்டு பேரும் மூன்றாவதாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடம். மோர்லாண்டும் பீச்சும் 1992-ல் தோற்றத்தில் ஒத்த நான்கு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் அனுப்பினார்கள். ஒருவர் 15 முறை, ஒருவர் 10, ஒருவர் 5, ஒருவர் போகவே இல்லை. யாரும் யாரிடமும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்தவரை மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. பலமுறை கண்ணில் படுவதே விருப்பத்தை வளர்க்கிறது என்றால், அவசரப்பட எந்தத் தேவையும் இல்லை. மாவட்ட மைய நூலகம், ரத்ததான முகாம், புத்தகத் திருவிழாவில் தன்னார்வலர் வேலை, வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். குரூப் 4 பழைய வினாத்தாளை மேசையில் விரித்துவைத்து ‘இந்தத் தனிவட்டிக் கணக்கு உங்களுக்கு வந்துச்சாங்க?’ என்று கேட்கிறவருக்கு, ‘வரலைங்க’ என்ற பதில் கிடைத்தாலும், சேர்ந்து போட்டுப் பார்க்க அந்தக் கணக்கு அங்கேயே இருக்கிறது.